ஓவர் கிலோ

மாத்தளைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் டிஜிட்டல் தராசு பொருத்தப் போயிருந்தேன். ஓவர்லோட், ஓவர்ஹீட், ஓவர்ஃபுளோ எல்லாம் படிப்பில் வந்தவை. ‘ஓவர் கிலோ’ அங்கேதான் அறிமுகமானது. ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய பதினெட்டு கிலோவுக்கு மேல் பறிக்கும் கொழுந்துக்கு அந்தப் பெயர்; அதற்குத் தனிக் காசு.

கொழுந்து பறிப்பவர்களில் ஓர் அம்மா இருந்தார்; ஒல்லியானவர், வெற்றிலை மெல்லும் வாய். மலையில் அவரைப்போல வேகமாகப் பறித்தவர் இல்லை. ஆனால் மூன்று நாளும் அவருடைய சாக்கு சரியாகப் பதினெட்டு கிலோவே காட்டியது. தராசில்தான் பிழை என்று சோதித்தேன். பிழையில்லை.

நான்காம் நாள், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு வரும் வழியில் அவர் தன் சாக்கைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, காய்ச்சலில் எழுந்து வந்திருந்த ஒரு பெண்ணின் சாக்கில் கொழுந்தை அள்ளிப் போடுவதைக் கண்டேன்.

“என்னங்க இது?”

“பதினெட்டு இல்லாட்டி இவளுக்கு அரைப்பேர்தான் போடுவாங்க மிஸ். பாதிச் சம்பளத்துல புள்ளைகளுக்கு என்னத்த ஆக்குவா?”

“அப்போ உங்க ஓவர் கிலோ?”

“அது இவ சாக்குல இருக்குல்ல! ஒங்க மெசினுகிட்ட சொல்லிப்புடாதீங்க.”

அறிக்கையில் ‘தராசு சரியாக இயங்குகிறது’ என்று மட்டும் எழுதினேன். வெறும் கையால் நூறு கிராம்கூடப் பிசகாமல் அவர் எப்படி நிறுத்தார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.