தபாலில் ஓடிய பந்தயம்

தபாலில் ஓட்டப் பந்தயம் நடக்கும் என்றால் இன்றைக்கு யார் நம்புவார்கள்? எங்கள் காலத்தில் நடந்தது. அந்தந்தப் பள்ளிக்கூட மைதானத்தில் அவரவர் ஓட வேண்டும். டீச்சர் நேரத்தைக் குறித்து, கையெழுத்துப் போட்டுக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அங்கே யாரோ எல்லாவற்றையும் ஒப்பிட்டு யார் முதல் என்று சொல்வார்கள். "எதிர்ல ஆளே இல்லாம இது என்னா போட்டி?" என்று அப்பா கேலி செய்வார். அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முந்தின வருடம் முகம் தெரியாத ஒரு மட்டக்களப்புப் பெண் அவளைத் தோற்கடித்திருந்தாள். அவளை இந்த முறை விடுவதில்லை என்று அக்கா கறுவிக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் ஓட வயது கடந்துவிடும்.

அந்த வருடம்தான் தமிழருக்கு எதிரான கலவரம் வந்து தொலைத்தது. தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்குத் தீ வைத்தார்கள். தேயிலைக்குள் விழுந்தெழும்பி ஓடி, கடைசியில் கம்பளையில் அக்கா படித்த பள்ளிக்கூடத்துக்கே அகதிகளாக வந்து சேர்ந்தோம். அவளுடைய வகுப்பறையில் ஏழெட்டுக் குடும்பங்கள். மைதானம் முழுக்கக் கொடி கட்டிச் சேலை காயப்போட்டிருந்தார்கள்.

நேரத்தை அனுப்பக் கடைசி நாள் நெருங்கியது. ஓடியே தீருவேன் என்றாள் அக்கா.

"உசுரு தப்புனதே பெருசு, இதுல ஒனக்கு ஓட்டம் ஒரு கேடா?" என்றாள் அம்மா.

அக்கா ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. முகாமில் கொடுத்த பருப்பும் சோறும் அப்படியொன்றும் பிரமாதமில்லை, ஆனாலும் பிடிவாதம் பிடிவாதம்தானே.

ஊரடங்கு தளர்ந்த ஒரு காலையில் விளையாட்டு டீச்சர் கைப்பையில் நேரம் பார்க்கும் கடிகாரத்துடன் நடந்தே வந்துவிட்டார். சிங்கள டீச்சர். அப்பா எழுந்து நின்றார். "புள்ள ஓடட்டும் அம்மா, நான் இருக்குதானே," என்று டீச்சர் தமிழில் கேட்டபோது அம்மாவால் மறுக்க முடியவில்லை. பெண்கள் ஈரச் சேலைகளைச் சுருட்டிக்கொண்டு வழிவிட்டார்கள்.

அக்கா வெறுங்காலோடு ஓடினாள். "துவன்ன, துவன்ன!" என்று, 'ஓடு, ஓடு' என்பதை டீச்சர் சிங்களத்திலேயே கத்தி விரட்டினார். "யாருமே வெரட்டி வரலியே, இந்தப் புள்ள ஏன் இந்த ஓட்டம் ஓடுது?" என்று சேலை சுருட்டிய ஒரு பெண் கேட்க, முகாமே சிரித்தது. அங்கே வந்தபிறகு அத்தனை பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

மைதானம் சின்னது என்பதால் ஒவ்வொரு சுற்றும் கட்டடத்தின் பின்னால் போய்த் திரும்ப வேண்டும். அக்கா மறைந்ததும் அம்மா எழுந்து நிற்பாள். அவள் தலை மறுபக்கம் தெரிந்ததும் உட்காருவாள். மறுபடி எழும்புவாள். அம்மாவும் சுற்று எண்ணுகிறாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஓடி முடித்த அக்காவைக் கட்டிப்பிடித்து அம்மா ஓவென்று அழுதாள். தோற்றுவிட்டாளோ என்று நான் பதறினேன். மட்டக்களப்புக்காரியை அவள் முந்திவிட்டது பிறகு தபாலில்தான் தெரிந்தது.

கலவரத்தன்று, "நீங்க முன்னுக்குப் போங்க, நான் லயத்துக்குப் பின்னால சுத்தி வந்துர்றேன்" என்று ஓடியவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அவர் ஹுன்னஸ்கிரியவில் சிநேகிதர் வீட்டில் பத்திரமாக இருக்கிறார் என்று எனக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அதை அப்படியே நம்பிய நான், அழுதுகொண்டிருந்த அம்மாவின் சேலையை இழுத்து, "மாமா வந்ததும் அக்காவ இன்னொருக்கா ஓடச் சொல்லுவோம்மா" என்றேன்.