மூடிய கதவின் முன் நின்றவர்

கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்கிற பகுதியில் ஒரு தமிழ்க் கடையின் சமையலறையில் நானும் அவரும் ஒன்றாக வேலை செய்தோம். நான் அடுப்படியில், அவர் பாத்திரம் கழுவுகிற இடத்தில். ஒடிசலான ஆள், என்னைவிட இளையவர். மூடிய கதவைக் கண்டால் அதைத் தொடவே மாட்டார். யாராவது வந்து திறக்கும்வரை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். கொட்டும் பனியிலும் கடையின் பின்வாசலில் அப்படித்தான் நிற்பார்.

"பெரிய துரை எண்ட நினைப்பு" என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். ஊரில் பல வருடங்கள் தடுப்புக் காவலில் அடைபட்டிருந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பின் நானே ஓடிப்போய்த் திறந்துவிடுவேன்.

ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: "அண்ணை, நான் உக்ரைனுக்குச் சண்டைக்குப் போறன்."

"உமக்கென்ன விசரே? அது ஆரோ ஆக்களின்ர சண்டை."

"ஓம் அண்ணை. எனக்கு அங்க ஒருத்தரோடயும் கோவமில்லை. ஆனா எழும்பெண்டா எழும்பலாம், படெண்டா படுக்கலாம். இஞ்ச விடிஞ்சா என்ன செய்யிறதெண்டு ஒருத்தரும் சொல்லுறாங்களில்லை."

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்து உரித்தேன்.

விமான நிலையத்துக்கு என் காரில்தான் போனார். வழியெல்லாம் மறித்துக் கதைக்க நினைத்தபடியே ஓட்டினேன். காரை நிறுத்தியதும் பையை மடியில் வைத்தபடி, மூடிய கதவையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். நான் பழக்கத்தில் இறங்கிச் சுற்றிப்போய்க் கதவைத் திறந்துவிட்டேன். அவர் இறங்கிப் போனார்.

அதன் பிறகு ஒரு செய்தியும் இல்லை. நான் மட்டும் இறங்காமல் இருந்திருந்தால், அவர் காருக்குள்ளேயே இருந்திருப்பாரோ?