பான் தின்ற ஜின்ஃபா

கத்தி இறங்குமுன் சாய்லான் பானின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“வெட்டாதீங்க. அது என் வீட்டுக்காரர்.”

பலகைமேல் ஆள் வடிவத்தில் கிடந்தது ஹோ ஷோ வூ கொடியின் கிழங்கு. அன்று காலை பான் குன்றுச் சரிவில் தோண்டியது. கறுப்புச் சோயாவோடு வேகவைத்துத் தின்றால் நரைத்த முடி கறுக்கும் என்பார்கள். பான் வாழ்நாளெல்லாம் அதைத் தோண்டி விற்றவன்; தான் ஒரு துண்டும் தின்றதில்லை. தலை பஞ்சாக வெளுத்திருந்தது. முடி கறுத்தால் கட்டிக்கொள்கிறேன் என்று விதவை சாய்லான் சொன்ன பிறகுதான் தனக்கென்று ஒன்றைத் தோண்டினான்.

“கிழங்கு, சாய்லான்.”

“இடது தோள் இறங்கியிருக்கு பாருங்க. தொப்பையும் அவரோடதுதான்.”

பான் பார்த்தான். செத்துப்போன ஜின்ஃபா அவனுடைய சீட்டாட்டக் கூட்டாளி. மறுக்க முடியவில்லை.

அவள் கிழங்கின் மண்ணைத் துடைத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். முன்னால் சோற்றுக் கிண்ணம். பிறகு இரண்டு மூங்கில் துண்டுகளை எடுத்து வந்தாள். எங்கள் ஊரில் செத்தவரிடம் எதையும் கேட்கலாம். துண்டுகளில் ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சம்மதம்.

“நான் இவரைக் கட்டிக்கலாமா?”

இரண்டும் குப்புற விழுந்தன.

“சீட்டுல தோத்த கோபம். மறுபடி கேளு” என்றான் பான்.

மறுபடியும் குப்புற.

“உங்களைத் திரும்பப் புதைச்சிடட்டுமா?”

குப்புற.

“யோவ், பின்னே என்னதான்யா வேணும் உனக்கு?” என்றான் பான்.

சாய்லான் துண்டுகளைப் பொறுக்கினாள். “பான் உங்களைச் சாப்பிடலாமா?”

ஒன்று குப்புற, ஒன்று மல்லாந்து.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உசிரோட இருந்தப்பவும் இப்படித்தான். வந்தவங்க பட்டினியாப் போனா பொறுக்காது.”

“கூடச் சீட்டாடினவனை எப்படித் திங்கிறது?”

“நல்லா மென்னு தின்னுங்க. அவர் உங்க வயித்துக்குள்ள போயிட்டா நான் கட்டிக்கிறது அவரைத்தானே? அப்புறம் யார்கிட்ட சம்மதம் கேக்கணும்?”

ஒன்பது முறை வேகவைத்து ஒன்பது முறை வெயிலில் உலர்த்தாவிட்டால் அந்தக் கிழங்கு குடலைக் கலக்கிவிடும் என்பது பானுக்குத் தெரியும். அவள் ஒரே முறை வேகவைத்தாள். ஒன்பது முறை முடிவதற்குள் அவள் மனம் மாறிவிடுவாளோ என்று அவன் அதைச் சொல்லவில்லை. தொப்பையிலிருந்து தொடங்கினான்.

மறுநாள் பான் விடியுமுன்பே பன்றிக் கொட்டகைக்குப் பின்னால் போனான். மதியம்வரை போய்வந்துகொண்டே இருந்தான். முடி வெள்ளையாகவே இருந்தது. சாய்லான் அதைத் தடவிப் பார்த்தாள். ஜின்ஃபாவுக்கும் சாகும்போது நரைத்திருந்தது. கஞ்சி கொடுத்தாள். பிறகு அவனை ஜின்ஃபா என்று கூப்பிட்டு, சாவதற்குமுன் பாதியில் விட்ட கொட்டகைக் கூரையை முடிக்கச் சொன்னாள். பான் ஏணியைச் சாத்தி ஏறினான். மாலைக்குள் கூரை முடிந்தது.