கடல் தண்ணீர் என்று சொன்னேன்

போன வாரம் கோடை மழையின் முதல் தூறல் விழுந்தபோது என் கணவர் பால்கனியில் நின்று, "மண் வாசனை வருது, வா வா" என்று கூப்பிட்டார். போய் நின்று மூச்சை இழுத்தேன். மற்றவர்களுக்கு அந்த வாசனையில் என்னென்னவோ ஞாபகம் வரும். எனக்குக் கழிவுநீர்த் தொட்டி ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். ஒழுங்காக வேலை செய்கிற சுத்திகரிப்புத் தொட்டி நாறாது. கழிவைத் தின்கிற நுண்ணுயிர்கள் அதில் ஆரோக்கியமாக இருந்தால், நனைந்த மண்ணைப் போலத்தான் மணக்கும். என் முதல் வேலை அப்படி ஒரு தொட்டியின் ஓரத்தில்தான்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு சாயப்பொருள் தொழிற்சாலை. எங்கள் வீடு மணவாள நகரில். விடிவதற்குள் திருவள்ளூரில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் இறங்கி, வடக்கே போகும் ரயிலுக்கு மாறி, மீஞ்சூரும் பொன்னேரியும் தாண்டிப் போய்ச் சேர வேண்டும். பாதி நாள் ரயிலிலேயே போய்விடும். தெருவில் யாராவது "பொண்ணு இன்ஜினீயராமே, எதுல?" என்று கேட்டால், அப்பா ஒரு முறை இருமிவிட்டு "தண்ணி சம்பந்தமா" என்பார். பெண் பார்க்க வந்த ஒரு அம்மாள் மட்டும் நேராகவே கேட்டாள்: "கையை நல்லா கழுவிட்டுத்தானே வீட்டுக்கு வருவா?" நல்லவேளை, அந்த இடம் தட்டிப்போயிற்று.

தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் தேசிங்கு. ஏறக்குறைய என் வயது. நுண்ணுயிர் என்ற வார்த்தை அவர் வாயில் வராது. "மேடம், பூச்சிங்கோ டல்லா கீது, இன்னா பண்லாம்?" என்பார். டல்லானால் தொட்டி கறுத்துப்போய் நாற ஆரம்பிக்கும். அப்போது புது நுண்ணுயிர் சேர்வதற்காகச் சாணியைக் கரைத்து ஊற்றுவோம். நான்கு வருடம் படித்த படிப்பு கடைசியில் சாணிக் கரைசலில் வந்து நின்றதே என்று எனக்கே சிரிப்பாக இருக்கும்.

சாணி கொண்டுவருபவர் கன்னியம்மாக்கா. தொழிற்சாலையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஏழெட்டு வீடுகள், ஒரு கிணறு. அங்கேதான் அவர் வீடு. அவருடைய அம்மா காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவர் எங்கள் தொழிற்சாலைத் தோட்டத்தைப் பெருக்கிக்கொண்டு, இரண்டு மாடும் வைத்திருந்தார். என்னை இன்ஜினீயரம்மா என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் சாணி வாளியோடு, குளிர்பான பாட்டில் ஒன்றில் தண்ணீரும் கொண்டுவந்தார்.

"எங்க கெணத்துத் தண்ணிம்மா. மாடு மூஞ்சிய திருப்பிக்கினு போவுது. புள்ளைங்களுக்கு ஒடம்பெல்லாம் அரிப்பு. உங்க மிஷின்ல போட்டு இன்னான்னு பாத்து சொல்லும்மா."

பார்த்தேன். உப்பை அளக்கிற மீட்டரில் எண் ஏறிக்கொண்டே போனது. கொஞ்சம் தண்ணீரைத் தட்டில் ஊற்றிக் காயவைத்தேன். உப்புப் படிவைச் சுற்றி மெல்லிய சிவப்பு ஓரம் நின்றது.

அந்தச் சிவப்பு எங்கள் சிவப்பு. சாயக் கழிவில் கடைசியாக மிஞ்சுகிற உப்புத் தண்ணீரை ஒரு குட்டையில் தேக்கி வைத்திருந்தோம். மழைக்காலத்தில் குட்டை நிரம்பினால், பின்சுவர் ஓரமாக வெளியே போகிற பழைய குழாய் ஒன்றைத் திறந்துவிடுவார்கள். திறந்தது தேசிங்கு. திறக்கச் சொன்னது மேனேஜர். அன்றைய பதிவேட்டில் 'எல்லாம் இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்.

தட்டை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை, மிகவும் கனிவாகப் பேசினார்.

"இந்தப் பக்கம் பூரா கடல் தண்ணி உள்ள வந்துடுச்சும்மா. ஊருக்கே தெரிஞ்ச விஷயம். அதையே சொல்லிடு. நீ நல்லா வரவேண்டிய பொண்ணு."

பொய் என்றும் சொல்லிவிட முடியாது. மீஞ்சூர்ப் பக்கம் கிணறுகளில் கடல் ஏறியது உண்மைதான். பொன்னேரி வயல்காரர்களும் ரயிலில் அதைத்தான் பேசிக்கொண்டு வருவார்கள். அதனால் சொல்வது சுலபமாக இருந்தது.

"கடல் தண்ணி ஏறியிருக்குக்கா. குடிக்காதீங்க."

"அப்டியாம்மா," என்று பாட்டிலை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதமே தேசிங்கு வேலையை விட்டுவிட்டார். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துத் தொழிற்சாலையைப் பெரிதாக்குவதற்காக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. ஒரு கல்யாண மண்டபம். முன்வரிசையில் கம்பெனிக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு நான். கன்னியம்மாக்கா எழுந்து மைக்கை வாங்கினார்.

"எங்க கெணறு கெட்டுப்பூட்ச்சி சார். ரெண்டு மாடும் செத்துப்பூட்ச்சி. கம்பெனியால இல்ல, கடல் தண்ணின்னு இன்ஜினீயரம்மா மிஷின்ல பாத்து சொன்னாங்க. தோ, அங்கதான் குந்திக்கினு கீறாங்க. அவங்களையே கேளுங்க."

கூட்டத்தை நடத்திய அதிகாரி என் பக்கம் திரும்பினார். "அப்படியா மேடம்?"

மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆமா சார்," என்றேன்.

அனுமதி கிடைத்தது. எனக்குப் பதவி உயர்வும் கிடைத்தது. பிறகு பெரிய கம்பெனி, அதைவிடப் பெரிய கம்பெனி, இப்போது சொந்தமாக ஆலோசனை நிறுவனம். கல்லூரிகளில் நீர்ப் பாதுகாப்பு பற்றிப் பேசக் கூப்பிடுகிறார்கள். போய்ப் பேசுகிறேன். நன்றாகப் பேசுகிறேன் என்கிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே இடத்துக்குப் போக நேர்ந்தது. தொழிற்சாலை மூடிக் கிடந்தது. கிடங்கு கட்டுவதற்காக அந்த நிலத்தை வாங்குகிறவர்கள் மண்ணைச் சோதிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் பின்பக்கம் நடந்தேன். தண்ணீர் லாரிக்குப் போட்ட குட வரிசையில் கன்னியம்மாக்கா உட்கார்ந்திருந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. உடனே அடையாளம் கண்டுகொண்டார். நான் எவ்வளவோ யோசித்து வைத்திருந்தும், எடுத்தவுடனே "அக்கா, அது கடல் தண்ணி இல்ல" என்று உளறிவிட்டேன்.

"தெரியுமே," என்றார். "தேசிங்கு அன்னிக்கு சாயங்காலமே ஊட்டாண்ட வந்து அழுதுட்டுப் போனான்."

"தெரிஞ்சுமா அந்தக் கூட்டத்துல அப்படிச் சொன்னீங்க?"

"நான் கம்பெனி தண்ணின்னு சொன்னா எவன் நம்புவான்? உன்னக் கேட்டா, இத்தினி பேரு எதுர்ல நீ பொய் சொல்ல மாட்டன்னு நெனச்சேன்."

நடந்ததை இப்போதாவது எழுதித் தருகிறேன் என்றேன். "எய்து," என்றார். லாரி வந்துவிட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோனார்.

எழுதத்தான் செய்தேன். ஆனால் உடனே இல்லை. பழைய பதிவேடுகளைத் தேடினேன். மூடும்போதே பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்களாம். ஞாபகத்தில் இருந்ததை வைத்து நான்கு பக்கம் எழுதி, கன்னியம்மாக்காவும் கையெழுத்துப் போட வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போனபோது ஒரு வருடம் ஓடிவிட்டிருந்தது. பின்சுவரைக் காணோம். அது இருந்த இடத்தையும் தாண்டி நீலத் தகரக் கிடங்கு நீண்டு நின்றது. கிணற்றை மூடி மேலே தார் போட்டிருந்தார்கள். லாரிகள் அதன்மேல் திரும்பிக்கொண்டிருந்தன.

வாசலில் இருந்த காவலாளியிடம், "இங்க ஏழெட்டு வீடு இருந்துச்சே, அவங்கல்லாம் எங்க?" என்று கேட்டேன்.

"வீடா? நான் வந்தப்பவே இப்டித்தான் மேடம் கீது," என்றார். "யார் ஊடு வேணும் உங்களுக்கு?"

கன்னியம்மா என்றேன். அவருடைய கணவர் பெயரைக் கேட்டார், பிள்ளை பெயரைக் கேட்டார். எனக்கு எதுவும் தெரியவில்லை.