போடியாரின் இரண்டாவது டேங்க்

1. டீசல் காற்றில் போகுமா?

"அண்ண, டீசல் காத்துல போகுமா?" என்று கேட்டுக்கொண்டு ஒரு காலையில் தேவன் என் கராஜுக்குள் வந்தான். தலை நரைக்கும்வரை வாகனம் ஓட்டியவன் கேட்கிற கேள்வியா இது? பெட்ரோல் என்றாலும் மூடியைத் திறந்து வைத்தால் கொஞ்சம் போகும். டீசல் அப்படிப் போகாது என்பது அவனுக்கும் தெரியும். ஆள் சரியில்லை என்று கண்டு, கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னேன்.

தேவன் எங்கள் போடியாரின் டபுள்கெப்பை, அதாவது பின்னுக்குச் சாமான் பெட்டி வைத்த வாகனத்தை, ஓட்டுகிறவன். நிறைய வயல் வைத்திருக்கிறவரை எங்கள் பக்கம் போடியார் என்போம். இந்தப் போடியாருக்கு எங்கள் ஊரோரம் கிடக்கிற பெரிய உப்புநீர் வாவிக்கு அப்பால், படுவான்கரையில் ஒரு வட்டை, அதாவது ஒரு வயல்வெளி, முழுக்கச் சொந்தம், பனிச்சங்கேணிப் பக்கமும் கொஞ்சம் உண்டு. வாயும் அந்த வட்டை அளவுக்கு அகலம். நாடு முழுக்க டீசலுக்கு வரிசையில் நின்று சீரழிந்த காலத்துப் பயம் இன்னும் தெளியாமல், கிடைக்கிறபோது நிரப்பி வைக்கவென்று கெப்பின் பின்பெட்டியில் இரண்டாவது டேங்க் ஒன்றைப் பூட்டியிருந்தார்.

பிரச்சினை அந்த டேங்கில்தான் வந்தது. காலையில் போடியார் கம்பு விட்டு அளந்தால் நிரம்பியிருக்கும். தேவன் வயலுக்குப் போய்த் திரும்பிய பின் அளந்தால் கம்பு காய்ந்துபோய் வரும். அந்தத் தூரத்துக்கு அதில் பாதிகூடச் செலவாகாது. மிச்சத்தைத் தேவன் விற்றுவிட்டான் என்று போடியார் தீர்ப்பு எழுதிவிட்டார். வாகனத்துக்குக் கீழே ஒரு தரமாவது குனிந்து பார்த்தாரா என்றால், இல்லை. குனிந்தால் சால்வை விழுந்துவிடும்.

தீர்ப்பை வீட்டுக்குள் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. சந்தியில் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால், சனம் கூடி நிற்கும்போது, "என்ட டீசலைக் குடிச்ச கள்ளன் இவன்தான்" என்று கத்தியிருக்கிறார். வெள்ளிக்கிழமை கண்ணகி அம்மன் கோயிலில் எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

"சத்தியம் பண்ண எனக்குப் பயமில்ல அண்ண. நான் எடுக்கல்ல. ஆனா பண்ணு எண்டு சொன்னதே போதும், மானம் போயிற்று. என்ட பொஞ்சாதி கடைக்குப் போறதையே விட்டுட்டா."

எங்கள் ஊரில் சத்தியத்துக்கு அழைக்கப்பட்டவன் அன்றைக்கே அரைக் கள்ளன். அம்மன் அவனைத் தண்டிக்காவிட்டாலும் ஊர் மறக்காது. எனக்கு அந்த நேரம் போடியார்மேல் வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் அச்சிட மாட்டார்கள்.

2. எஞ்சினுக்கு நீர்ப்பாய்ச்சிய கதை

தொழில் பழகுகிற பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

டேங்க் பூட்டுவதற்கு முன் போடியார் முதலில் வந்தது என்னிடம்தான். டீசல் எஞ்சினின் பம்ப் தனக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக டீசலை இழுக்கும். எரிந்தது போக மிஞ்சுவது வேறொரு குழாய் வழியாக டேங்குக்குத் திரும்பி வரும். அதுதான் ரிட்டர்ன் லைன். ஆகையால் இரண்டு டேங்க் வைக்கிறவன் இழுக்கிற லைனையும் மாற்ற வேண்டும், திரும்புகிற லைனையும் மாற்ற வேண்டும். எந்த டேங்கிலிருந்து இழுக்கிறதோ அந்த டேங்குக்கே மிச்சம் திரும்ப வேண்டும். இரண்டு லைனையும் ஒன்றாக மாற்றுகிற வால்வ் காத்தான்குடியில் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும் என்றும் சொன்னேன்.

போடியார் சிரித்தார். எங்கள் பக்கம் மெக்கானிக்கைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பாஸ், நான் பிறந்த நாளிலிருந்து தண்ணி பாய்ச்சுறன். வயலுக்குப் போன தண்ணி எப்பயாவது குளத்துக்குத் திரும்பி வந்த கதை கேள்விப்பட்டிருக்கிறியா?"

"இது வயல் இல்ல போடியார், எஞ்சின்."

"எல்லாம் ஒண்டுதான். மேல இருந்து கீழ போகும். உனக்கு ரெண்டு வேலை காட்டினாத்தான் கூலி கூடும். எனக்கு அது தெரியாதா?"

நான் சொன்னது செவிடன் காதில் ஊதிய சங்குதான். குளத்துக்கு ஒரு மதகு போதும் என்பதால் எஞ்சினுக்கும் ஒரு வால்வ் போதும் என்று நம்புகிற மனிதர், நாளைக்குத் தலையிடி வந்தால் தலைக்கு உரம் போடவும் கூடும்.

பிறகு வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் போடுகிற ஒருவரைப் பிடித்துப் பக்கத்தில் நின்று வேலை வாங்கியிருக்கிறார். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபமில்லை. தனக்குத் தெரியாத வேலை என்று அவர் சொல்லியும் போடியார் விடவில்லையாம். இழுக்கிற லைனில் மட்டும் ஒரு வால்வ் வைத்தார்கள். திருப்பினால் புது டேங்கிலிருந்து இழுக்கும். ரிட்டர்ன் லைனை யாரும் தொடவில்லை. அது பழையபடி முதல் டேங்குக்கே போய்க்கொண்டிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே வேலை முடிந்துவிட்டதாம். பிழையான வேலை எப்போதும் கெதியாக முடியும்.

3. வாவியில் மிதந்த சாட்சி

இந்தக் குழாய்க்காரரின் கதை எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது, ஆகையால் தேவன் வந்து சொன்ன உடனே மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை. போடியார் வேறு எங்கோ போய் ஒழுங்காகப் பூட்டியிருப்பார் என்று நினைத்திருந்தேன். "வழியில ஏதும் வித்தியாசமா நடந்ததா?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்ல அண்ண. பாதைக்காரன்தான் கண்டபடி ஏசினான்."

வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம். தேவன் குருக்கள்மடத்தில் ஏறித்தான் வயலுக்குப் போவான்.

"என்னெண்டு ஏசினவன்?"

"'உன்ட கெப் ஏறின நாளிலிருந்து வாவியெல்லாம் எண்ணெய் படருது, மீன்காரர் என்னைத்தான் திட்டுறாங்க' எண்டான். அவன் எல்லாருக்கும் ஏசுறவன்தானே, நான் காதுல போடல்ல."

தேவன் கராஜ் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்த கெப்புக்கு அடியில் படுத்தேன். முதல் டேங்கின் பக்கம், சில்லுக்குப் பின்னால், புழுதியும் டீசலும் சேர்ந்து கூழாக அப்பியிருந்தது. சுரண்டினால் கையளவு வந்தது. எழுந்து முதல் டேங்கின் மூடியைத் திறந்தேன். கழுத்துவரை டீசல் தளம்பியது.

"இந்த டேங்க் எப்பயும் இப்பிடித்தானா?"

"ஓம் அண்ண. மீட்டர் முள்ளு இறங்குறதே இல்ல. போடியாருக்கு அதுல பெரிய புளுகம். 'பாத்தியா, பழைய டேங்க்ல ஒரு சொட்டும் குறையல்ல, என்ட வேலை எப்பிடி' எண்டுவார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தேவனின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. புது டேங்கிலிருந்து இழுத்த டீசலில் மிஞ்சியது முழுவதும், ஏற்கெனவே நிரம்பியிருந்த பழைய டேங்குக்குள் போயிருக்கிறது. அது கொள்ளாமல், காற்றுப் போகிற சிறு குழாய் வழியாக றோட்டிலும், சரிவில் ஏறி இறங்கும்போது பாதையிலும் கொட்டியிருக்கிறது. டீசலைக் குடித்தது வாவி.

4. போத்தல் பிடித்த வேலை

போடியாரைக் கூப்பிட்டேன். "கள்ளனுக்கு வக்காலத்தா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ரிட்டர்ன் குழாயின் கிளிப்பைக் கழற்றி, நுனியை ஒரு வெறும் சோடாப் போத்தலுக்குள் விட்டு, தேவனை எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். டீசல் குபுகுபுவென்று போத்தலுக்குள் விழுந்தது.

"இது என்ன?"

"குளத்துக்குத் திரும்பி வாற தண்ணி" என்றேன்.

போத்தல் நிரம்பும்வரை போடியார் சால்வையைப் பிடித்தபடி குனிந்து பார்த்தார். நிரம்பியதும் பேசத் தொடங்கினார். பிழை வாகனத்தைச் செய்தவனிலாம். பிறகு குழாய் போட்டவனிலாம். பிறகு, முதல் நாளே தன்னைப் பிடித்து இருத்தி விளங்கப்படுத்தாத என்னிலாம். உலகத்தில் அவர் ஒருவரைத் தவிர எல்லாரிலும் பிழை இருந்தது.

"சரி, அந்த மற்ற வால்வையும் போட்டு விடு. டேய் தேவன், நாளைக்கு வேலைக்கு வா. வெள்ளிக்கிழமைக் கதையை விடு."

"கள்ளன் எண்டு சந்தியில சொன்னீங்க போடியார்" என்றேன். "கள்ளன் இல்ல எண்டு என்ட கராஜுக்குள்ள சொல்லுறீங்க."

"அதுக்கு நான் பறையடிச்சுச் சொல்லவா?"

"முதல்ல அடிச்சது அப்பிடித்தானே?"

சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கிளிப் முறுக்கத் தேவன் எனக்கு ஸ்குரூட்ரைவரை எடுத்துத் தந்தான்.

5. வெள்ளிக்கிழமை

வால்வைப் பூட்டி முடித்த வாகனத்தைத் தேவன்தான் எடுத்துப் போனான். போடியார் வீட்டுக்குப் போவான் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை பூசை நேரம் அது கோயிலடி மரத்தின் கீழ் நின்றது. வேடிக்கை பார்க்க ஊர் முழுக்க வந்திருந்தது. போடியார் மட்டும் வரவில்லை. தன் வயல்காரன் ஒருவனை அனுப்பியிருந்தார்.

"சத்தியம் தேவையில்லையாம், போடியார் சொல்லிவிட்டவர்" என்றான் அவன்.

"அவருக்குத் தேவையில்ல" என்றான் தேவன். "எனக்குத் தேவை. போத்தல் நிரம்பினதைப் பார்த்தது மூண்டு பேர். என்னைக் கள்ளன் எண்டதைக் கேட்டது இந்த ஊர்."

சொல்லிவிட்டுக் கற்பூரத்தைக் கொளுத்தி, அம்மன் பெயரைச் சொல்லி, உள்ளங்கையால் அணைத்தான். பின்னுக்கு நின்ற பெண்கள் பக்கம் ஒரு விம்மல் கேட்டது. அது அவன் மனைவி. அடுத்ததாகக் கெப்பின் சாவியை மடியிலிருந்து எடுத்து வயல்காரனின் கையில் வைத்தான்.

"இதை அவருக்கிட்டக் குடு. டீசலை அளக்கச் சொல்லு."

இப்போது தேவன் காத்தான்குடியில் ஒரு புடவைக் கடைக்காரரின் லொறி ஓட்டுகிறான். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, ரிட்டர்ன் லைனை மறக்காதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதை எவரும் உங்களுக்குப் படிப்பிப்பார். ஒரு வாகனத்தில் ஏதாவது காணாமல் போனால், ஓட்டியவனின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னம் வாகனத்தின் அடியைப் பாருங்கள். பிழையாகப் பூட்டிய குழாயைப் பட்டறைக்குள் வைத்துக் கழற்றலாம். சந்தியில் சொன்ன சொல்லைச் சந்தியில் நின்றுதான் கழற்ற வேண்டும். எங்கள் போடியார் இன்னும் அதைக் கழற்றவில்லை. சாரதி வேலைக்கு ஆள் தேவை என்று அவர் சொல்லாத இடமில்லை, கேட்காத ஆளில்லை. வாவியின் இரண்டு கரையிலும் அந்தச் சாவியை வாங்க ஒருவனும் கை நீட்டவில்லை.