காலி அறைக்கு எதற்குச் சூடு?

க்ளிஃபர்ட் சக்டன் உட்கார்ந்த இடத்தில் ஐந்து நிமிடம் இருந்து நான் பார்த்ததில்லை. முப்பத்தைந்து வருடம் வட இங்கிலாந்தில் எங்கள் ஹாலிஃபாக்ஸில் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு காலில் சக்கரம் கட்டியதுபோல வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து வீடு. நடுவில் ஒரே சுவர். அவர் படியேறுவது, இறங்குவது, மறந்துபோய் மறுபடி ஏறுவது எல்லாம் எனக்குக் கேட்கும்.

கடைசி நிறுத்தத்தில் எஞ்சினை அணைக்காத டிரைவர் டிரைவரே இல்லை என்பது அவர் கொள்கை. அதே கொள்கை வீட்டுக்கும் வந்தது. போன அக்டோபரில் குளிர் தொடங்கியதும் அறை அறையாகப் போய், வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களின் திருகுகளை மூடினார். கேட்டால், "காலி ரூமுக்கு எதுக்கு சூடு, ஐலீன்? ஆளில்லாத பஸ்ஸ யாராவது ஓட்டுவாங்களா?" என்பார். குளியலறையில் துண்டு காயப்போடும் வெந்நீர்க் கம்பிக்கு மட்டும் விலக்கு. முன்னறையில் குளிர்காயும் கேஸ் அடுப்பு எரிந்தது; அதன் முன்னால் அவர் நாற்காலி.

அவர் மனைவி நோரீன் பின்பக்க மாடியறையில் திரைச்சீலை தைப்பவள். நாள் முழுக்க அங்கேதான் இருப்பாள். அவர் அந்தப் பக்கம் போகும்போது உள்ளே கைவிட்டு ரேடியேட்டரை மூடுவார். அவர் போனதும் அவள் திறப்பாள். இருவரும் இதைப் பற்றி வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் ஊரில் புருஷன் பெண்டாட்டி இப்படித்தான் சண்டை போடுவோம். கடைசியில் அவளுக்கு அலுத்துப்போய்விட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள்.

அப்புறம்தான் பம்ப் கத்த ஆரம்பித்தது. பாய்லரில் சூடான தண்ணீரை வீடெல்லாம் தள்ளுகிற பம்ப். மாடியில் துணி அலமாரிக்குள் இருக்கிறது. முதலில் முனகல், பிறகு உறுமல், ஒரு வாரத்தில் என் படுக்கைத் தலைமாட்டில் தண்ணீர் டம்ளர் நடுங்கியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சுவரில் செருப்பை எறிந்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

நவம்பரில் நோரீன் கடற்கரை ஊரான ஸ்கார்பரோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். இரண்டு நாள் என்று சொன்னவள் மூன்று வாரமாகியும் வரவில்லை.

"இந்தச் சனியன் சத்தம்தான்," என்றார் க்ளிஃபர்ட். "இத நிறுத்திட்டேன்னா அவ வந்துருவா."

அன்றிலிருந்து மனிதர் ஒரு நிலையில் இல்லை. பம்ப்பைப் பழைய துண்டால் சுற்றினார். சைக்கிள் டியூபை வெட்டி அடியில் சொருகினார். காற்று அடைத்திருக்கும் என்று ரேடியேட்டர் ஒவ்வொன்றின் காற்றுத் துளையையும் சாவி போட்டுத் திறந்து கம்பளமெல்லாம் கறுப்புத் தண்ணீர் ஆக்கினார். அரை மணிக்கொருமுறை அலமாரியில் காதை வைத்துக் கேட்டார். பம்ப்பின் வேகத்தை உச்சமான மூன்றில் வைத்துப் பார்த்தார். அது லாரி மாதிரி அலறியது.

"பிளம்பரைக் கூப்பிடேன்பா," என்றேன் நான்.

"சொந்த வீட்டு வேலைக்கு ஆள் வைக்கவா? டிப்போல தெரிஞ்சா சிரிப்பாங்க."

"டிப்போவ விட்டு வந்து ஒன்பது வருசமாச்சு. அங்க உன்னை யாருக்கு ஞாபகம் இருக்கு? நோரீன் வேணுமா, மானம் வேணுமா?"

மறுநாள் பிளம்பர் வந்தாள். பெயர் டோனா, நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாதவள். நான் டீ கொடுக்கிற சாக்கில் போய் நின்றுகொண்டேன். அவள் துண்டையும் டியூபையும் உருவிப் போட்டு, வேகத்தை ஒன்றுக்குக் குறைத்து, காது கொடுத்துக் கேட்டாள். பிறகு பம்ப்பை விட்டுவிட்டு அறை அறையாகப் போனாள்.

"பெரியவரே, பம்ப்புல ஒண்ணுமில்ல. எல்லா வாசலையும் அடைச்சிட்டு, உள்ள இருக்கறவனப் போ போன்னா அவன் எங்க போவான்? கத்தத்தான் செய்வான்."

"கிள்ளிவிட்டதும் நீதான், இத்தனை நாளா தொட்டிலை ஆட்டுனதும் நீதானா?" என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

டோனா ஒவ்வொரு திருகாகத் திறக்கத் திறக்க உறுமல் இறங்கியது. கடைசியாகத் தையல் அறை. அங்கே குனிந்தவள் எங்களைக் கூப்பிட்டாள்.

"இதப் பாருங்க. மத்த ரூம்ல எல்லாம் திருகுல நம்பர் பளிச்சுனு இருக்கு. இதுல கை பட்டுப் பட்டு மங்கிப் போச்சு. யாரு இத இப்படித் திருப்பித் திருப்பி விளையாண்டது?"

தையல் மெஷின் பக்கத்தில் விரல்நுனி வெட்டிய கம்பளிக் கையுறை ஒரு ஜோடி இருந்தது. க்ளிஃபர்ட் அதை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

டோனா போனதும் அவர் ஸ்கார்பரோவுக்கு ஃபோன் போட்டார். காது மந்தம் என்பதால் ஒலிபெருக்கியில்தான் பேசுவார். நான் வேண்டுமென்று ஒட்டுக்கேட்கவில்லை.

"நோரீன், சத்தம் நின்னு போச்சு. வந்துடு."

"சத்தத்துக்கா நான் வந்தேன்?"

"பின்ன?"

"காலி ரூமுக்கு எதுக்கு சூடுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்ச. தினமும் வந்து என் ரூமையும் மூடுன. நான் உள்ளதான் உக்காந்திருந்தேன், க்ளிஃப்."

அவர் நின்றுவிட்டார். இருபது வருடப் பழக்கத்தில் அந்த மனிதர் அசையாமல் நின்று நான் பார்த்தது அப்போதுதான். எனக்கு அவரைப் பார்க்கவே பொறுக்கவில்லை. டீக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அங்கேயும் கேட்டது.

"நீ உள்ள இருக்கறத நான் பாக்கலம்மா. திருகத்தான் பாத்தேன்."

மறுமுனையில் ஏதோ காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"சனிக்கிழமை ரெண்டு மணிக்கு வர்ற பஸ்," என்றாள் நோரீன். "நீ ஸ்டாண்டுக்கு வந்து நில்லு."

அவர் ஒரு மணிக்கே போய் நின்றார். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிறது. உண்மையைச் சொன்னால் பம்ப்பைவிட அதுதான் சத்தம். நான் செருப்பை எறிவதில்லை.