உறையில் இருந்த இரண்டாவது டிஸ்க்

எங்கள் மலைக்கிராமமான கூக்காலில் அந்த நடிகரின் படங்களை யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. அடியாளாக நடித்தே நரைத்தவர் அவர். வயதான பிறகு தானே படம் எடுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு படமும் வாடகை சிடி கடையில் இரண்டு டிஸ்க்காகக் கிடைக்கும். முதலாவதில் ஆள் பத்துப் பேரின் எலும்பை முறிப்பார். இரண்டாவதில் அதற்காக உட்கார்ந்து வருந்துவார். ஊரார் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவதைத் தொடாமலே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். "இனி வெறும் அழுவாச்சிதேன்" என்று எழுந்து போவதில் என் அப்பா முதல் ஆள்.

அப்பாவும் அப்படிப்பட்ட முரடர்தான். வரப்புத் தகராறு என்றால் வாய் திறக்கும் முன்பே கை நீண்டுவிடும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து பக்கத்துப் பேத்துப்பாறையில் குடியேறிய ஒரு குடும்பத்துப் பெண்ணை அண்ணன் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, அப்பா அவனைப் பல் உடைய அடித்தார். மற்றவர்கள் தலைமுழுகிவிட்டேன் என்று வாயால் சொல்வார்கள். அப்பா கட்டிய வேட்டியோடு ஏரியில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டார். மார்கழிக் குளிரில் ஈரம் சொட்ட ஊர் நடுவே நடந்து வந்தார். அதைப் பெருமையாகச் செய்தார் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டு வருடம் கழித்து, பேத்துப்பாறை லாரிக்காரர் ஒருவர் பூண்டு ஏற்ற வந்தபோது என்னிடம் அந்த நடிகரின் படம் ஒன்றின் சிடி உறையைக் கொடுத்தார்.

"ஒங்க அண்ணன் குடுக்கச் சொன்னாருங்க. மஞ்சக்காமாலை முத்திப்போய்க் கெடக்காரு. அப்பாவை ரெண்டாவது டிஸ்க்கையும் பாக்கச் சொல்லுங்கன்னாரு."

வீட்டில் யாரும் இல்லாதபோது இரண்டாவதை நான் போட்டுப் பார்த்தேன். விரட்டிவிட்ட மகனைத் தேடி அந்த அடியாள் கிளம்புகிறான். வழியில் ஒரு சட்டை வாங்குகிறான். மகன் அவன் மனதில் இன்னும் பள்ளிக்கூடப் பையன்தான். சட்டையும் அந்த அளவுதான். பஸ்ஸில் அதை மடியில் விரித்துப் பித்தானைப் போடப் பார்க்கிறான். அத்தனை பேரை அடித்த விரல்களுக்கு அது பிடிபடவில்லை. வசனமும் இல்லை, பாட்டும் இல்லை, வெறும் பஸ் சத்தம்தான். இந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு மனசா என்று விசும்பி அழுதேன். கதவு திறந்து மகனின் முகம் தெரிவதோடு படம் முடிந்தது.

மறுநாள் மத்தியானம் அப்பாவுக்கு முதல் டிஸ்க்கைப் போட்டேன். முடிந்ததும் வழக்கம்போல எழுந்தார்.

"அப்பா, இன்னொன்னு இருக்கு."

"அழுவாச்சிதான? தோட்டத்துல சோலி கெடக்கு."

அது அண்ணன் கொடுத்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடிக்குப் பயப்படவில்லை. அப்பா அழுதால் அதை நான் பார்க்க வேண்டுமே என்றுதான் பயந்தேன். நாளைக்குப் போடலாம் என்று உறையில் வைத்தேன். அன்று இரவு பிடித்த மழை ஐந்து நாள் விடவில்லை, கரண்டும் இல்லை. கரண்ட் இல்லாவிட்டால் என்ன, வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆறாம் நாள் அதே லாரிக்காரர் சாவுச் செய்தியோடு வந்தார்.

பங்காளிகள் தீட்டுக்கு முழுக ஏரியில் இறங்கினார்கள். அப்பா கரையிலேயே நின்றார்.

"வெரசா எறங்குங்கண்ணே" என்றார் சித்தப்பா.

"நான்தேன் அவன் உசுரோட இருக்கயிலயே முழுகிட்டனே."

வீட்டுக்கு வந்ததும் உறையை எடுத்து அவர் கையில் கொடுத்து, அண்ணன் சொல்லியனுப்பியதையும் சொன்னேன். கரண்ட் வந்த அன்று இரண்டாவது டிஸ்க்கைக் கடைசிவரை பார்த்தார். சட்டைக் காட்சியில் தன் இரண்டு கைகளையும் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டார். படம் முடிந்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

"மழைக்கு முன்னாடியேப்பா. நான்தான் சொல்லல."

அடிக்கட்டும் என்று நெருங்கிப் போய் நின்றேன். துண்டுக்குள்ளிருந்து கையை அவர் வெளியே எடுக்கவே இல்லை.